மொக்கச்சாமிக்குக் குடுத்த துப்பு

உக்காருங்க தம்பி, உக்காருங்க. இந்த சீட்டுக்கு யாரும் வரல. துண்டு என்னோடதுதான், சும்மா போட்டு வச்சேன். குண்டான ஆளு எவனாச்சும் வந்து என்னைய நசுக்கிரக் கூடாதுல்ல. நீங்க ஒல்லியா இருக்கீக, பொருந்தும்.

தேனியா? சரி சரி. நான் ஆண்டிபட்டி. என் பேரு சங்கையா. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல ‘கூப்பாட்டு சங்கையா’ன்னு கேட்டுப் பாருங்க, கண்டக்டர் டிரைவர் அத்தனை பேருக்கும் தெரியும். பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுறது நம்ம தொழிலு. நான் ஒருக்கா கத்துனேன்னா பெஞ்சுல தூங்குறவனும் எந்திரிச்சு வந்து ஏறிருவான். அவன் போக வேண்டிய ஊரு திண்டுக்கல்லா இருக்கும், அது அவன் பாடு. ஒரே மூச்சுல சொல்லுவேன் தம்பி. கேக்குறீகளா? செக்கானூரணி உசிலம்பட்டி ஆண்டி... ஆண்டி... அக்ஹ். இருங்க. ஒரு நிமிசம். அக்ஹ், அக்ஹ்.

ஒண்ணுமில்ல. டீசல் புகை. இந்த வண்டி எப்பவும் இப்பிடித்தான், உள்ளுக்குள்ளேயே புகை விடும். சன்னலைத் தொறக்காதீங்க தம்பி, காத்து பட்டா எனக்கு ஆகாது. அட, தொறந்துட்டீகளா? சரி, இருக்கட்டும்.

ஆண்டிபட்டியில எங்கக்கா மக அமுதா இருக்கா. அவளுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கூட்டியாந்திருக்காக. காலையில போனு. ‘மாமா, பிள்ளைக்கு நீங்கதான் சேனை வைக்கணும், ஒடனே கெளம்பி வாங்க’ன்னா. சீனித்தண்ணிய வெரல்ல தொட்டு, பொறந்த பிள்ளை நாக்குல வைப்போம்ல, அதான். யாரு வைக்கிறாகளோ அவுக கொணம் பிள்ளைக்கு வரும்பாக. ஆஸ்பத்திரியில தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில காட்டக் கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லி விட்டாகளாம். இவ கேக்குறவளா? சாங்கியத்துக்கு ஒரு சொட்டு, அதுவும் எங்க மாமன் கையாலன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. என் கொரலு பிள்ளைக்கு வரணுமாம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி. என் பொண்டாட்டி போனதுக்கப்புறம் வீடு வாசல்னு ஒண்ணும் இல்லாம ஆயிப்போச்சு. சொந்தக்காரவுக என்னையக் கண்டா வாசல்லயே வச்சுப் பேசி அனுப்பிருவாக. உள்ள வாங்க மாமான்னு கூப்பிட்டது இவ ஒருத்திதான்.

ஆனா பாருங்க, சந்தோசமாக் கெளம்ப விட்டாய்ங்களா? வயித்தெரிச்சலோட கெளம்பி வந்திருக்கேன். என் துப்புல முட்டை தின்னவன் என் முதுகுலயே குத்திப்புட்டான். மூஞ்சியச் சுளிக்காதீங்க, வெவரமாச் சொல்றேன். உசிலம்பட்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்.

நான் ஷெல்டருலதான் தங்குறேன். வீடு இல்லாதவுகளுக்குன்னு ஒரு டிரஸ்ட்டுக்காரவுக நடத்துறது. பெரிய ஹாலு, வரிசையாக் கட்டிலு, மேல ஃபேனு. பஸ் ஸ்டாண்டுத் தரைக்கு இது மாளிகை. அங்க என் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன், மொக்கச்சாமி. ஓட்டல்ல சட்னி அரைக்கிறவன். பயந்தாங்கொள்ளி. பல்லி கத்துனாக்கூட யாருக்கு என்ன ஆகப் போகுதோன்னு எந்திரிச்சு உக்காந்துக்கிருவான். தெனமும் மொளகா வத்தலை வறுத்து வறுத்து அவனுக்கு லொக்கு லொக்குன்னு ஒரு இருமல். என்னைய மாதிரி இல்ல. என் இருமல் கனமான இருமல், அடி வயித்துல இருந்து வரும். அதுக்கே ஒரு நெஞ்சு வேணும்ல.

ஹாலு பூராம் இருமலாக் கெடக்குன்னு ஒரு நாளு நர்ஸு சிஸ்டர் வந்துச்சு. சகாயம்னு பேரு. சின்னப் புள்ளதான், ஆனா பேச்சு போலீஸ்காரவுக மாதிரி இருக்கும். சன்னலைப் பூராம் தொறந்து வைக்கணும்னுச்சு. இருமுனா துண்டால வாயை மூடணும்னுச்சு. இன்னொண்ணு சொல்லுச்சு பாருங்க, அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். கட்டில்ல ஆளுக்கு ஆளு தலை மாத்திப் படுக்கணுமாம். ஒருத்தன் தலை இங்கிட்டுன்னா அடுத்தவன் தலை அங்கிட்டு. ஒருத்தன் மூச்சு இன்னொருத்தன் மூஞ்சியில படக் கூடாதாம். எனக்கு இந்தப் பக்கம் மொக்கச்சாமி, அந்தப் பக்கம் சீனிச்சாமிப் பெருசு. பெருசு செருப்பு போடாம மதுரை பூராம் சுத்துற ஆளு. ‘சிஸ்டர், அவரு கால் பக்கம் நான் மூஞ்சிய வச்சுப் படுத்தா இருமல் வராது, மயக்கந்தான் வரும்’னேன். ஹாலே சிரிச்சுச்சு. சிஸ்டர் சிரிக்கல.

அது போனதும் நான் பழையபடி திரும்பிப் படுத்துக்கிட்டேன். சன்னலையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிட்டேன். பனிக்காத்து வந்து எல்லாருக்கும் சளி பிடிச்சா யாரு பாக்குறது? நம்ம அக்கறை நமக்குத்தான் தெரியும்.

அடுத்து டப்பா வந்துச்சு. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, மேல அவுகவுக பேரு. ‘காலையில எந்திரிச்சதும் வாயைக் கொப்புளிச்சிட்டு, நல்லா மூச்சை இழுத்து இருமி, நெஞ்சுச் சளியத் துப்பிக் குடுக்கணும். எச்சி வேணாம், சளிதான் வேணும். டிபி இருக்கான்னு பாக்கணும்’னு சொல்லிட்டுப் போச்சு.

டிபின்ன ஒடனே மொக்கச்சாமிக்கு மூஞ்சி செத்துப் போச்சு. ‘அண்ணே, எனக்கு இருந்திருச்சுன்னா ஓட்டல்ல சேக்க மாட்டாகண்ணே, இங்கயும் வெளிய தள்ளிருவாகண்ணே’ன்னு ஒரே பொலம்பல். சிஸ்டர் யாரையும் தள்ள மாட்டோம்னு சொல்லித்தான் இருந்துச்சு, இவனுக்குக் காதுல ஏறல. மறுநாள் காலையில பாத்ரூம் பக்கம் டப்பாவ வச்சுக்கிட்டு முக்குறான், முனகுறான், கண்ணுதான் பிதுங்குது, ஒரு சொட்டு வரல. வறட்டு இருமல்ல எங்கிட்டு வரும்? துப்புக்கெட்டவன்னு சும்மாவா சொல்லுவாக, அன்னைக்குத்தான் தம்பி அர்த்தத்தைக் கண்ணால பாத்தேன்.

எனக்கு எளகுன மனசு. ‘குடுடா டப்பாவ’ன்னேன். ‘என் நெஞ்சு சிங்க நெஞ்சு. என் துப்பைக் கடனா வாங்கிக்க. சுத்தமான சளி, நீ நெம்பர் ஒன்னா பாஸாயிருவ’ன்னு சொல்லி, மூச்சை இழுத்து ஒரு இருமு இருமுனேன் பாருங்க. டப்பா நெறைஞ்சு போச்சு. மஞ்சக் கலரு, கட்டி. மொக்கச்சாமி என் காலத் தொட்டுக் கும்பிட்டான்.

அதுக்குள்ள சிஸ்டர் வாசல்ல நின்னு ‘சங்கையாண்ணே, உங்க டப்பா எங்க’ன்னு கத்துது. எனக்கு நெஞ்சுல ஒண்ணும் மிச்சம் இல்ல, அம்புட்டையும் தானம் பண்ணிட்டேன்ல. வாயில இருந்த எச்சிய ரெண்டு தரம் துப்பி மூடியத் திருகிக் குடுத்துட்டேன்.

முடிவு வந்துச்சு. மொக்கச்சாமிக்கு டிபி! எனக்கு ஒண்ணும் இல்ல.

பாவம், அவன் ராசி அப்பிடி. என்னோட சுத்தமான சளி, அவன் டப்பாவுக்குள்ள போனதும் கெட்டுப் போச்சு பாத்தீகளா! சிஸ்டர் என்கிட்ட வந்து, ‘உங்க டப்பாவுல வெறும் எச்சிதான் இருக்குன்னு சொல்லிட்டாக, இன்னொரு தரம் குடுங்கண்ணே’ன்னுச்சு. ‘எச்சியிலயே கிருமி இல்லையாம், சளியில எப்பிடிம்மா இருக்கும்’னு கேட்டேன். அந்தப் புள்ள தலையில அடிச்சுக்கிட்டுப் போச்சு.

ஆனா தம்பி, அதுக்கப்புறம் நடந்ததுதான் அநியாயம். மொக்கச்சாமிக்கு ராஜ உபசாரம். ஷெல்டருலயே தனி ரூம்பு. ரெண்டு பக்கமும் சன்னலு. தெனமும் மாத்திரை, கூடவே அவிச்ச முட்டை, சுண்டல், பாலு. ஓட்டல் மொதலாளிகிட்ட சிஸ்டரே போய்ப் பேசி, ‘மருந்து சாப்பிட்டா சரியாயிரும், அப்புறம் வேலைக்குச் சேத்துக்கங்க’ன்னு சொல்லி ஒத்துக்கவும் வச்சிருச்சு. அந்த மாத்திரையத் தின்னா ஒண்ணுக்கு செவப்பாப் போகும் போல. அதைச் சொல்லியும் இவன் பயந்துபோயி பாத்ரூமுக்குள்ள இருந்து ‘ஐயோ ரத்தம்’னு கத்துனான் பாருங்க, ஷெல்டரு வார்டன் வேட்டியப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தாரு. அதுல ஒரு நாளு எனக்கு நல்லாப் பொழுது போச்சு.

முட்டை விசயத்துக்கு வாரேன். அந்த முட்டை யாருது? நீங்களே சொல்லுங்க. துப்புனது யாரு? நான். அப்ப ஞாயப்படி முட்டை யாருக்கு? போய்க் கேட்டேன். உள்ள வரக் கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டிருந்துச்சு, நமக்கென்ன, பழகுன ஆளு. கட்டில்ல உக்காந்து, ‘பாதி முட்டைய எடுடா’ன்னேன். குடுத்தான். தெனமும் குடுத்தான். மஞ்சக் கருவோடயே குடுத்தான், பொய் சொல்லக் கூடாது.

அவனுக்கு உடம்பு தேறிருச்சு. கன்னம் உப்பிருச்சு, லொக்கு லொக்குன்னு இருந்த இருமலும் நின்னு போச்சு, வத்தப் புகை இல்லைல்ல. எனக்குத்தான் அவனை நெனைச்சு நெனைச்சுக் கவலையில சட்டை லூசாயிருச்சு. சாயங்காலமானா லேசாக் காய்ச்சல் வேற. அதுவும் கவலைதான். இந்தச் சீனிச்சாமிப் பெருசு இருக்காருல்ல, அந்தப் பக்கத்துக் கட்டிலு, அவரும் இருமத் தொடங்கிட்டாரு. எனக்கு வந்த கோவம்! மொக்கச்சாமி மூடுன ரூம்புக்குள்ள இருந்துக்கிட்டே கதவு வழியாப் பரப்புறான் தம்பி! வார்டன்கிட்ட நானே போய்ப் புகார் சொன்னேன், அவனை இன்னும் தூரமாத் தள்ளி வைங்கன்னு.

என்ன தம்பி, கர்சீப்பால மூஞ்சிய மூடிக்கிட்டீக? தூசியா? ஆமா, ரோடு வேலை நடக்குதுல்ல.

அப்புறம் அவனை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிட்டுப் போனாக. படம் பளிச்சுன்னு வந்திருச்சாம். ஒரு புள்ளி கெடையாதாம். டாக்டருக்குக் கொழப்பம். நெஞ்சு இம்புட்டுச் சுத்தமா இருக்கு, சளியில மட்டும் எப்பிடிடா இம்புட்டுக் கிருமின்னு. மறுபடியும் சளி வேணும், சிஸ்டர் முன்னால துப்பணும்னு சொல்லி அனுப்பிட்டாரு. நான் மொக்கச்சாமிகிட்ட, ‘நான் இருக்கேன்ல, சிஸ்டர் அங்கிட்டுத் திரும்புறப்ப டப்பாவ என்கிட்ட நீட்டு. ஆனா இந்தத் தரம் முழு முட்டை’ன்னேன். அவன் சிரிக்கல. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தான். ‘அண்ணே, நீங்க ரொம்ப எளைச்சுட்டீகண்ணே’ன்னான். ‘நீ முட்டைய முழுசாக் குடுத்திருந்தா எளைச்சிருக்க மாட்டேன்’னேன்.

இன்னைக்குக் காலையில அமுதா போனு வந்து, குளிச்சு, சட்டைய மாத்தி, தலையச் சீவிக்கிட்டு நிக்கிறேன். மொக்கச்சாமி வந்தான். கண்ணு பூராம் தண்ணி. ‘அண்ணே, நான் சிஸ்டர்கிட்டச் சொல்லிப்புட்டேண்ணே’ன்னான்.

‘என்னத்தடா சொன்ன?’

‘எல்லாத்தையும். டப்பாவுல துப்புனது நான் இல்ல, நீங்கன்னு.’

எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். ‘ஏண்டா, ஒன்னைய யாருடா சொல்லச் சொன்னா? ரூம்பு போச்சு, முட்டை போச்சு, எனக்கும் கெட்ட பேரு’ன்னு கத்துனேன். அவன் பொசுக்குன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டான். ‘உங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, நான் தின்ன முட்டை எனக்குச் செரிக்குமாண்ணே’ன்னு தேம்புறான். நாடகக்காரன். கைய உதறிவிட்டேன். துரோகி, நன்றி கெட்டவன், இன்னும் நல்ல நல்ல வார்த்தையெல்லாம் சொன்னேன், பஸ்ஸுல சொல்ல முடியாது.

அந்தப் பக்கம் சிஸ்டர் புது டப்பாவோட ‘சங்கையாண்ணே, சங்கையாண்ணே’ன்னு தேடிக்கிட்டு வருது. நான் பாத்ரூம் போறேன்னு பின்பக்கமா வந்து, செவுத்தைத் தாண்டி, இந்த வண்டியில ஏறிட்டேன். இந்த வயசுலயும் செவுறு தாண்டிட்டேன் பாத்தீகளா? செவுத்துல இருந்து இறங்குனப்ப கொஞ்சம் மூச்சு வாங்குச்சு, தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அம்புட்டுத்தான். நீங்களே சொல்லுங்க தம்பி, அவன் பண்ணது ஞாயமா?

என்ன கேட்டீக?

அந்த டப்பாவுல இருந்தது யாரு சளின்னா? என் சளிதான். மொதல்ல இருந்து அதைத்தான தம்பி சொல்லிக்கிட்டு வாரேன்.

கிருமி இருந்துச்சா? இருந்துச்சு. அதான் மொக்கச்சாமிக்கு டிபின்னு... இல்ல, அவன் படம் பளிச்சுன்னு... இருங்க. கொழப்பாதீங்க. டப்பா அவன் டப்பா. அவன் பேரு போட்ட டப்பா. துப்புனது மட்டுந்தான் நான்.

துப்புனது நான்.

ஆத்தாடி.

இருங்க தம்பி, பேசாதீங்க. கொஞ்சம் சும்மா இருங்க. சீனிச்சாமிப் பெருசுக்கு ரெண்டு பக்கமும் கட்டிலு. ஒண்ணுல ஆளே இல்ல. இன்னொண்ணு என்னோடது. பெருசு என்னைய என்னன்னு நெனைச்சிருக்கும்? நான் போய் மொக்கச்சாமியத் தூரமாத் தள்ளி வைக்கச் சொன்னேனே. அவனை ரூம்புல பூட்டி வச்சிட்டு நான் ஹாலு நடுவுல படுத்துக்கிட்டு... சன்னலையும் கம்பி போட்டுக் கட்டிட்டு... சிரிக்காதீங்க. சிரிங்க, பரவால்ல. வேற எவனாச்சும் இதைப் பண்ணிருந்தா நான் ஒரு மாசத்துக்குச் சிரிப்பேன்.

பயமா இருக்கு தம்பி. நெசமாவே பயமா இருக்கு.

போன் அடிக்குது. அமுதா. என்னத்தச் சொல்ல? எடுக்காம விட்டா பயந்துக்கிருவா. பச்ச ஒடம்புக்காரி.

தாயி... ஆமா, வந்துக்கிட்டுத்தான் இருந்தேன். இல்லடா, வரல. வண்டி... வண்டிக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் மேலுக்கு முடியல. ஒட்டுற மாதிரி இருமல். பிள்ளைக்குப் பக்கத்துல நான் வரக் கூடாது. கோவிச்சுக்கிறலம்மா, யாரும் ஒண்ணும் சொல்லல. சேனை? வேணாம்டா, டாக்டர் சொன்னதைக் கேளு, நாக்குல எதையும் வைக்காத. இல்லம்மா, என் கொணம் பிள்ளைக்கு வரவே வேணாம், நல்லா இருக்கட்டும். மருந்து சாப்பிட்டுட்டு வாரேன். சத்தியமா வாரேன். எங்க, பிள்ளைய போனுக்குப் பக்கத்துல காட்டு. போன்ல ஒட்டாது.

கேட்டீகளா தம்பி? அழுகுறதைக் கேட்டீகளா? நாலு தெருவுக்குக் கேக்கும் போல. நான் சேனையே வைக்கல, அதுக்குள்ள என்னா கொரலு!

கண்டக்டர் தம்பி! உசிலம்பட்டியில எறக்கி விட்டுருங்க. ஆமா, ஆண்டிபட்டிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், அதுக்கென்ன, மிச்ச தூரத்தை நீங்க வச்சுக்கங்க. இங்கேயே ஒரு ஆஸ்பத்திரி இருக்குல்ல? அங்க போய்ச் சொல்லிட்டு, அப்புறம் சகாயம் சிஸ்டருக்கு ஒரு போனு போடணும். மொதல்ல மொக்கச்சாமிக்குப் போடணும். என்ன பேசுறதுன்னுதான் தெரியல. காலையில பூராம் அவனை வைஞ்சுட்டேன், இப்ப எந்த வார்த்தையில ஆரம்பிக்கிறது?

கைய நீட்டாதீங்க, நானே எந்திரிச்சுக்கிறேன். தள்ளி நில்லுங்க. வாயில துண்டைக் கட்டிக்கிட்டேன், கேக்குதா நான் பேசுறது? தம்பி, ஆரப்பாளையத்துல இருந்து இம்புட்டு நேரம் என் பக்கத்துலயே உக்காந்து கதை கேட்டிருக்கீக. இருமல் கிருமல் வந்துச்சுன்னா அசட்டையா இருந்துராதீங்க, போய் ஒரு டப்பா வாங்கித் துப்பிக் குடுத்துருங்க. ஒண்ணே ஒண்ணு. சொந்தமாத் துப்புங்க தம்பி. யாருகிட்டயும் கடன் வாங்கிராதீங்க.